ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் கடல்

ஊட்டி ஏரியின் படகு இல்லத்திற்கு மாணவிகளை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். மூன்றாமாண்டு முடித்துப் பிரியும் பெண்கள். ஒரு மாணவி தன் பாட்டியையும் கூட்டி வந்திருந்தாள். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து கண் மருத்துவத்திற்காக வந்து பேத்தியோடு தங்கியிருந்தவர். மோட்டார் படகுக்குச் சீட்டு வாங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் புதிதாக மணமான இணை ஒன்று நின்றது. அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்தபடி, "எனக்குத் தண்ணின்னா பயம்" என்றாள். அவன் சிரித்தான்.

பாட்டி என் பக்கம் திரும்பி, "நாங்களும் இப்பிடித்தான் டீச்சரம்மா. கல்யாணமாகி ஆறு மாசம். கப்பல்ல ஏறினோம். ரெண்டு பேருக்கும் அதான் முதல் கடல்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா நாங்க திரும்பிப் போறதுக்கு ஏறல" என்றும் சொன்னார்.

படகு சவாரி முடிந்து எல்லோரும் மிளகாய் பஜ்ஜி சாப்பிடப் போனபோது நானும் அவரும் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டோம். நான் படித்த இலக்கியமும் நான் படிக்காமல் விட்ட வரலாறும் அங்கே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது.

*

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு விதி வருகிறது. கடல் கடந்து போகும் பயணம் பெண்ணோடு சேர்ந்து நிகழ்வது வழக்கமில்லை என்பது அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள். உரையாசிரியர்கள் வேறு விதமாகவும் பொருள் கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் வகுப்பறையில் நாம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: ஆண் கலமேறிப் போவான், பெண் கரையில் இருப்பாள். நெய்தல் திணை முழுக்க அவள் கரையில் நின்று இரங்குகிறாள். நானும் இருபது ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

மணிமேகலையில் ஆதிரை வருகிறாள். அவள் கணவன் சாதுவன் வணிகரோடு கப்பலேறிப் போகிறான். கலம் உடைந்துவிடுகிறது. அவன் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட ஆதிரை தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை, அவனும் பிழைத்துத் திரும்புகிறான். நாகர் நாட்டில் கரையொதுங்கி, அங்குள்ளவர்களோடு பேசி, பொருளோடு திரும்பும் அனுபவம் எல்லாம் அவனுக்கு. அவளுக்குக் கிடைத்தது கற்பின் சான்றிதழ். மணிமேகலை மட்டும் மணிபல்லவத் தீவை அடைகிறாள். அவளையும் தெய்வம்தான் தூக்கிக்கொண்டு போகிறது, கலம் அல்ல.

இலக்கியம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த மண்ணிலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் கடலைத் தாண்டினார்கள். யாரும் அவர்களிடம் இலக்கணம் கேட்கவில்லை. பஞ்சம் கேட்டது, காப்பித் தோட்டம் கேட்டது, பிறகு தேயிலை கேட்டது.

*

1877ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் முற்பகுதியில் இலங்கைக்கு ஓர் ஆங்கிலத் தம்பதி தங்கள் சொந்தக் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். கப்பலின் பெயர் சன்பீம். மூன்று பாய்மரங்களும் துணைக்கு ஒரு நீராவி எந்திரமும் கொண்ட உல்லாசக் கப்பல். உரிமையாளர் தாமஸ் பிராஸி, ரயில் பாதை ஒப்பந்தங்களில் பெரும் பணம் சேர்த்தவரின் மகன், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் மனைவி ஆனி பிராஸி. பிள்ளைகள், விருந்தினர், பணியாளர், மாலுமிகள் என நாற்பதுக்கும் மேற்பட்டவர்களோடு 1876 ஜூலையில் இங்கிலாந்தில் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1877 மே மாதத்தில் ஊர் திரும்பினார்கள். அந்தப் பதினோரு மாதங்களைப் பற்றி ஆனி எழுதிய புத்தகம் 1878இல் வெளிவந்து பல மொழிகளுக்குப் போனது. அதன் துணைத் தலைப்பில் கப்பலைக் கடல்மேல் அமைந்த தங்கள் வீடு என்று அழைத்திருந்தார். பத்தாண்டு கழித்து, 1887 செப்டம்பரில், அதே கப்பலில் வேறொரு பயணத்தின்போது நோயுற்று இறந்தார். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

கப்பல் கணவனுடையது, பயணத்தை எழுதியவள் மனைவி. அவள் எழுதியதால்தான் இன்று நமக்கு அந்தக் கப்பலின் பெயர் தெரிகிறது. ஆனியை நான் குறைத்துப் பேசவில்லை. கடல் காய்ச்சலோடும் கைக்குழந்தைகளோடும் நாள் தவறாமல் குறிப்பெழுதிய பெண் அவர்.

அதே 1877இல் சென்னை மாகாணம் பஞ்சத்தில் வெந்துகொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் அது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக இலங்கைக்கு ஓடினார்கள். அவர்கள் ஏறியது தோணிகளிலும் சிறு கப்பல்களிலும். இறங்கிய பின் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. ஆனி பிராஸியின் புத்தகத்தை இன்றும் வாங்கிப் படிக்கலாம். அதே ஆண்டில், அதே தீவில் இறங்கிய ஒரு தமிழ்ப் பெண் தன் கையால் எழுதிய ஒரு வரியையாவது நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கைநாட்டு வைக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

*

காப்பித் தோட்டங்களுக்கு முதலில் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைத் தொழிலாகப் பயிரிட்டார். 1869இல் தென்பட்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பியை அழித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுக்கக் கொழுந்து வரும், வாரம் தவறாமல் எடுக்க வேண்டும். ஆகவே தோட்டங்களுக்குக் குடும்பம் தேவைப்பட்டது; குறைந்த சம்பளத்திற்குக் கொழுந்து எடுக்கும் பெண் தேவைப்பட்டாள். கணவனும் மனைவியும் சேர்ந்து கடலைக் கடப்பதை இலக்கணம் அனுமதிக்கவில்லை, தேயிலை கட்டாயமாக்கியது.

அவள் பெயர் கங்காணியின் கணக்கில் ஏறியது. கழுத்தில் தகரச் சீட்டு தொங்கியது. காலையில் பெரட்டுக்களம், பிறகு மலை, மாலையில் கொழுந்து நிறுவை, இரவில் லயத்து அடுப்பு. அவள் உழைத்த சம்பளத்தைப் பல தோட்டங்களில் அப்பனோ புருஷனோ வாங்கிப் போவதே வழக்கமாக இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது.

இதற்கு நடுவே வேறொரு தம்பதியையும் சொல்ல வேண்டும். தஞ்சையிலிருந்து இலங்கைக்குப் போன கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும். நடேசய்யர் பத்திரிகையாளர். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். மீனாட்சி அம்மையார் தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டினார், எழுதினார், பத்திரிகை வேலைகளையும் சேர்ந்து செய்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு கணவரின் பெயரில் அத்தியாயங்களும் மனைவியின் பெயரில் பத்திகளும் எழுதியிருக்கிறது. ஆனாலும் கடலைக் கடந்து போன ஒரு பெண் அந்தக் கரையில் பேசினாள், கேட்டவர்கள் பெண்கள், என்பது பதிவாகியிருக்கிறது.

1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. வசிப்பிட நிபந்தனைகளைத் தாண்டிப் பட்டியலில் இடம்பெற்ற தோட்டத்துப் பெண்களும் வாக்களித்தார்கள். அப்போது நீலகிரித் தோட்டத்தில் கூடை சுமந்த பெண்ணுக்கு வாக்கு கிடையாது. அவள் வாக்களிக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அதற்கடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் பறிபோனது.

அந்தக் குடியுரிமைச் சட்டத்தைப் பெண்களாகிய நாம் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று தலைமுறையாக லயத்திலேயே பெற்றுப் போட்ட பெண்களின் பிரசவம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத மக்களிடம் பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டார்கள். ஒரே சட்டத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வசவு இருந்தது: கள்ளத்தோணி. தோணியில் வந்து தேயிலையை உண்டாக்கியவர்களைத் தோணியைக் கொண்டே ஏசினார்கள்.

*

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாக முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை என்று வரலாற்று நூல்கள் சரியாகவே எழுதுகின்றன. அந்த மக்களுக்குள்ளும் கேட்கப்படாமல் போனவள் ஒருத்தி இருந்தாள் என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.

கணக்கு குடும்பமாகவே நடந்தது. இந்தியக் குடியுரிமை கிடைத்தவர்களுக்குக் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஆணையர் அலுவலகம் குடும்ப அட்டை கொடுத்தது. அதில் குடும்பத் தலைவர், அவருக்குக் கீழே மற்றவர்கள், அவர்கள் போய்ச் சேர வேண்டிய மறுவாழ்வுத் திட்டம். அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் மனுப்போட்ட வீடுகள் உண்டு. ஆண்கள் பிரிந்தபோது அது அவர்கள் எடுத்த முடிவாக இருந்தது. பெண்கள் பிரிந்தபோது அது யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்ததாக இருந்தது.

பாட்டி சொன்னார்: "எங்கப்பா சிலோன் பிரஜாவுரிமைக்குப் போட்டிருந்தாரு. அவுங்க வீட்ல இந்தியாவுக்கு. நிச்சயம் பண்றப்ப அதப் பத்தி ஒரு பேச்சும் வரல. கல்யாணத்துக்கப்புறம் என் பேரு அவரு அட்டையில ஏறிருச்சு. நான் எந்த நாடுன்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கல டீச்சரம்மா. கேட்டிருந்தா எங்கம்மா இருக்கற நாடுன்னு சொல்லியிருப்பேன்."

அவருக்கு அப்போது 19 வயது. 14 வயதிலிருந்து கொழுந்து எடுத்தவர்.

*

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று மக்களே பெயர் வைத்தார்கள். கோச்சி என்றால் அங்கே ரயில். வழியனுப்ப வந்தவர்கள் மேடையில் விழுந்து அழுதார்கள். சாவு வீட்டில் பாடுகிறவர்கள் பெண்கள்தானே? ரயிலடியிலும் அவர்களே பாடினார்கள்.

தலைமன்னாரிலிருந்து ஒரு காலத்தில் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது தொடங்கிய வழி அது. சென்னையில் சீட்டு வாங்கினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட ஆகவில்லை. அதன்பின் தாயகம் திரும்பியோரை ஏற்றிய கப்பல்கள் ராமேஸ்வரத்திற்கு வந்தன. கடைசியாக ஓடிய கப்பலின் பெயர் ராமானுஜம்.

பாட்டியும் அவர் கணவரும் 1978இல் வந்தார்கள். அந்தப் பயணத்தை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கோச்சியில ராவெல்லாம் அழுது அழுது விடியக்கால தூங்கிட்டேன். முழிச்சா ஒரு பக்கம் பூரா நீலமா இருந்திச்சு. மலையில மேகம் எறங்கி நிக்குமே, அப்பிடின்னு நெனச்சேன். அதான் கடலுன்னு அவரு சொன்னாரு. அவரும் அப்பதான் பாக்குறாரு. சுங்கத்துல மூட்டையெல்லாம் அவுத்துப் போட்டோம். என் மூட்டையில கூடைக்கயிறும் இடுப்புல கட்டுற படங்கும் இருந்திச்சு. இத எதுக்கும்மா கொண்டு போறேன்னு அந்த ஆளு சிரிச்சான். அங்கயும் மலதான், அங்கயும் தேயிலதான்னு சொன்னேன்.

கப்பல் கெளம்புனதும் அவருக்கு ஒரே வாந்தி. உள்ள படுத்துட்டாரு. நான் வெளிய கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பொம்பளைங்க எல்லாம் உள்ள போங்கன்னு ஒருத்தரு சொன்னாரு. நான் போகல. கரை கண்ணுக்குத் தெரியற மட்டும் பாத்தேன். அப்புறம் ரெண்டு பக்கமும் கரை இல்ல. அந்த நேரம் மட்டும் டீச்சரம்மா, பயமே இல்ல. நான் அப்பா வீட்டுப் பொண்ணும் இல்ல, அவுங்க வீட்டு மருமகளும் இல்ல, தொரைக்குக் கூலியும் இல்ல. காத்து மட்டும் அடிச்சிச்சு. அதுக்கப்புறம் அந்த மாதிரி நேரம் எனக்கு வாய்க்கல."

அவர் அம்மாவை மறுபடி பார்க்கவேயில்லை. 1980களின் முற்பகுதியில் போர் மூண்டு கப்பலும் நின்றது. தாய் இறந்த செய்தி கடிதத்தில் வந்தபோது காரியம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது.

*

ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அவர்களுடைய பாட்டன் பாட்டிகளை இலங்கைக்கு அனுப்பும் முன் அடைத்துவைத்துச் சோதித்த முகாம் அது. அங்கிருந்து அட்டையில் எழுதியிருந்த இடங்களுக்குப் பிரிந்தார்கள். கொடைக்கானல் காடுகளில் மரப்பட்டை உரிக்கும் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்கள் உண்டு. நூற்பாலைகளுக்குப் போனவர்கள் உண்டு. மலையும் தேயிலையும் தெரிந்தவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள்.

தாயகம் திரும்பியோருக்காகவே தமிழக அரசு 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, நாம் டேன்டீ என்று அழைக்கும் நிறுவனமாக, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, வால்பாறை மலைகளில் காடு திருத்தித் தேயிலை நட்டார்கள். நட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்கள் என்பதைச் சொல்லத் தனியாகப் புள்ளிவிவரம் தேவையில்லை, இன்று காலை எந்தத் தோட்டத்துச் சரிவையும் பார்த்தால் தெரியும்.

ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. குடும்பத்தில் யாராவது தோட்டத்தில் வேலை செய்யும் வரை வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 40 ஆண்டு கொழுந்து எடுத்த பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. மகன் திருப்பூருக்கோ கோவைக்கோ போய்விட்டால், மருமகளையாவது தோட்டத்து வேலையில் நிறுத்திவைக்க வேண்டும். அந்த மருமகளின் படிப்பும் விருப்பமும் வீட்டுக்கான வாடகையாகக் கழிகிறது. 2022இல் கழகத்தின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது லயங்களில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இன்னொரு கப்பலா? குழந்தைகளையும் சேர்த்து நாலரை லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் கடலைக் கடந்து வந்த அந்த ஒப்பந்தம், இங்கே கரையிறங்கி இன்னும் முடியவில்லை.

*

எங்கள் மலையின் மேற்குச் சரிவு கேரளத்தில் இறங்குகிறது. அங்கே திருச்சூர் மாவட்டத்துக் கடற்கரையில் கே.சி. ரேகா, கார்த்திகேயன் என்று ஒரு தம்பதி. எந்திரம் பொருத்திய சிறு படகில் இருவரும் சேர்ந்து ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகிறவர்கள். கூலியாட்கள் நின்றுவிட்டார்கள், புதிதாக ஆள் வைக்கக் கட்டுப்படியாகவில்லை, அதனால் ரேகா படகில் ஏறினார். 2017இல் ஆழ்கடலில் மீன்பிடிக்க உரிமம் பெற்ற இந்தியாவின் முதல் பெண் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவரைப் பாராட்டியது. பெண் கடலுக்குப் போகக்கூடாது என்ற வழக்கம் கூலி கொடுக்க முடியாத இடத்தில் தளர்ந்தது. தேயிலைக்காக எங்கள் பாட்டிகள் கப்பலேறிய கதையும் இதுதான். தேவைக்காக மட்டும் வழக்கத்தைத் தளர்த்துகிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ரேகாவின் கையில் அவர் பெயரிலேயே ஓர் உரிமம் இருக்கிறது. பாட்டி கொண்டுவந்த அட்டையில் அவர் மனைவியாக மட்டுமே இருந்தார்.

ஆனி பிராஸியிடம் எழுத்து இருந்தது. மீனாட்சி அம்மையாரிடம் மேடை இருந்தது. ரேகாவிடம் உரிமம் இருக்கிறது. ராமானுஜத்தில் கம்பியைப் பிடித்து நின்ற பெண்ணிடம் என்ன இருந்தது என்று யோசிக்கிறேன். கூடைக்கயிறு இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக் காற்றும் இருந்தது. அதை யாரும் கேட்காததால் அவர் 45 ஆண்டுகளுக்கு மேல் சொல்லவேயில்லை. "பேத்திக்கே இப்பத்தான் தெரியும்" என்றார்.

தாயகம் திரும்பியோர் பற்றி நம்மிடம் ஒப்பந்தங்கள் இருக்கின்றன, ஆணைகள் இருக்கின்றன, நல்ல சிறுகதைகளும் இருக்கின்றன. கப்பலின் மேல்தளத்தில் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கான பதிவு மிகக் குறைவு. ஏறியவர்களில் வயது வந்திருந்தவர்கள் இப்போது எழுபதைத் தொட்டும் தாண்டியும் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றே. கோத்தகிரியிலும் கூடலூரிலும் சேரம்பாடியிலும் உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருப்பார். எந்த ஆண்டு வந்தீர்கள், எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், அதைத் தாத்தாவும் சொல்லிவிடுவார். கப்பலில் எங்கே நின்றீர்கள், எதைப் பார்த்தீர்கள், மூட்டையில் என்ன இருந்தது, போகச் சம்மதமா என்று யாராவது கேட்டார்களா என்று கேளுங்கள். சொல்வதை அவர் மொழியிலேயே எழுதுங்கள். பெயரையும் அவர் விரும்பினால் எழுதுங்கள்.

பாட்டி தன் பெயரை எழுத வேண்டாம் என்றார். "அவுங்க வீட்ல சங்கடப்படுவாங்க" என்றார். கணவர் போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இருப்பது பிள்ளைகளும் பேரன் பேத்திகளும். இன்னும் அது அவுங்க வீடுதான்.